குழந்தைகளின் பழைய சாமான்களை விற்க லைசென்ஸ் வேண்டுமா?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் 24 வீடுகள் உள்ள அடுக்ககத்தில் சொந்த ஃபிளாட்டில் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு ஆறு. தொட்டில், தள்ளுவண்டி, குட்டி சைக்கிள், சின்னதாகிப்போன உடுப்புகள், கதைப் புத்தகங்கள், கொஞ்சம் வெள்ளிச் சாமான் என்று ஓர் அறையே அடைந்து கிடக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கீழே கார் பார்க்கிங்கில் பரப்பி விற்றுவிடலாம் என்றிருந்தேன். தெரிந்த புரோக்கர் ஒருவர், “மாநகராட்சி லைசென்ஸ், ஜிஎஸ்டி எல்லாம் வேண்டும், இல்லாவிட்டால் நோட்டீஸ் வரும். 3,500 ரூபாய் கொடுத்தால் நான் பார்த்துக்கொள்கிறேன். அலைச்சல் வேண்டாம் என்றால் மொத்தத்தையும் 4,000-க்கு நானே எடுத்துக்கொள்கிறேன்” என்கிறார். என்ன செய்வது?

பதில்: அந்த 3,500 ரூபாயைக் கொடுக்காதீர்கள். அவர் வாங்கித் தருவதாகச் சொல்லும் எந்தக் காகிதமும் உங்களுக்குத் தேவையில்லை.

ஜிஎஸ்டி வியாபாரம் செய்பவருக்கு. உங்கள் பிள்ளை ஓட்டி முடித்த சைக்கிளைப் பக்கத்து பிளாக் பிள்ளைக்கு விற்பது வியாபாரம் ஆகாது. முழுநேரமாகப் பொருள் விற்கும் கடைக்காரரே, தமிழ்நாட்டில் ஆண்டு விற்பனை 40 லட்ச ரூபாயைத் தாண்டினால்தான் பொதுவாகப் பதிவு செய்ய வேண்டும். மாநகராட்சித் தொழில் உரிமமும் தொழில் நடத்துபவருக்கானது. வருமான வரியிலும், வீட்டில் சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த துணிமணி, தட்டுமுட்டுச் சாமான், விளையாட்டுப் பொருள் எல்லாம் ‘மூலதனச் சொத்து’ என்ற கணக்கிலேயே வராது, அதனால் விற்றாலும் வரி இல்லை. ஜிபேயில் பணம் வாங்கினால் நோட்டீஸ் வரும் என்று பயப்படுகிறவர்களுக்கும் இதுதான் பதில். இவ்வளவையும் ஒரே பக்கத்தில் புரிகிற தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிவைக்க எந்த அலுவலகத்துக்கும் நேரமில்லை. ஒரு கவுன்டரில் கேட்டால் அடுத்த கவுன்டரைக் காட்டுகிறார்கள். அந்த இரண்டு கவுன்டருக்கு நடுவில்தான் புரோக்கர் பிழைக்கிறார்.

நீங்கள் கேட்க வேண்டிய அனுமதி ஒன்றே ஒன்று, அது உங்கள் அசோசியேஷனிடம். கார் பார்க்கிங்கின் பொது இடம் 24 வீட்டுக்காரர்களுக்கும் பாத்தியப்பட்டது. செயலாளருக்கு நாலு வரியில் கடிதம் கொடுங்கள்: தேதி, காலை 7 முதல் 11 வரை, எந்த இடம், முடிந்ததும் கூட்டிச் சுத்தம் செய்து தருகிறேன். அவர் கையெழுத்துப் போட்ட நகலை வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை வேண்டாம். அன்று காலையில் யாராவது ஒருவர் காரை எடுக்க முடியவில்லை என்று சத்தம் போட்டால், “நான் எப்போது சரி என்றேன்?” என்று செயலாளரே கேட்பார். கேட்டுக்கு வெளியே நடைபாதையில் மட்டும் பரப்பாதீர்கள். அது வேறு சட்டம், வேறு தலைவலி. மழை மாதங்களையும் தவிர்த்துவிடுங்கள். மடிப்பாக்கத்துத் தரைத்தளத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆன்லைனிலும் விளம்பரம் போடப்போகிறீர்கள் என்றால், இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். தள்ளுவண்டிக்குப் படம் போட்ட பத்தாவது நிமிடம் ஒரு போன் வரும். பேரமே பேசாமல் கேட்ட விலைக்குச் சரி என்பார். ராணுவத்தில் இருக்கிறேன், இப்போது வெளியூரில் போஸ்டிங், ஆள் வந்து எடுத்துக்கொள்வார் என்பார். நம்பிக்கை வர பத்து ரூபாய் அனுப்பிக் காட்டுவார். அப்புறம் ஒரு கியூஆர் கோடு வரும், “ஸ்கேன் பண்ணி பின் நம்பர் போடுங்க, பணம் வந்துடும்.” வராது, போகும். யுபிஐயில் பின் நம்பர் போடுவது பணம் கொடுப்பதற்கும், கணக்கில் இருப்பு எவ்வளவு என்று பார்ப்பதற்கும்தான். பணம் வாங்குவதற்குப் பின் நம்பர் கிடையவே கிடையாது. “தவறுதலாக 15,000 அனுப்பிவிட்டேன், மிச்சத்தைத் திருப்பி அனுப்புங்க” என்று மெசேஜ் காட்டினால், அந்த மெசேஜை நம்பாமல் உங்கள் வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். ஏமாந்துவிட்டால் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குப் போன் செய்யுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் நிறுத்தினால்தான் உண்டு. வங்கிக்குப் போனால் போலீஸுக்குப் போ என்பார்கள், போலீஸுக்குப் போனால் எந்த எல்லை என்பார்கள். அந்த அலைச்சலில் ஒரு நாள் முழுக்கத் தொலைத்துவிட்டு என்னிடம் வந்தவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

இனி அந்த 4,000 ரூபாய். உங்கள் கடிதத்தில் கடைசியாக, போகிற போக்கில் ‘கொஞ்சம் வெள்ளிச் சாமான்’ என்று எழுதியிருக்கிறீர்கள். புரோக்கரின் கண் தொட்டில்மேலோ சைக்கிள்மேலோ இல்லை, அதன்மேல்தான். வெள்ளி கிராம் 100 ரூபாயைத் தாண்டி வெகு நாளாகிறது. ஒரு அரைஞாண் கொடி, இரண்டு ஜோடிக் கொலுசு, ஒரு பாலாடைச் சங்கு என்று சேர்ந்தாலே 4,000-க்கு மேல் போய்விடும். மற்றதெல்லாம் அவருக்கு இலவசம். ‘மொத்தமாக’ என்ற வார்த்தையை யார் சொன்னாலும் அதில் எதை மறைக்கிறார் என்று பாருங்கள். அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்கள் எப்போதும் மொத்தமாகத்தான் கேட்பார்கள். வெள்ளியை இன்றைக்கே தனியாக எடுத்து பீரோவில் வையுங்கள். கார் பார்க்கிங் மேஜைக்கு அது வரவே கூடாது.

வெள்ளிக்கு மட்டும் வரி விஷயமும் வேறு, கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். சொந்தப் பொருளுக்கு வரி இல்லை என்று மேலே சொன்னேன் அல்லவா, அதில் நகைக்கு விலக்கு கிடையாது. தங்கம் மட்டுமல்ல, வெள்ளியில் செய்த ஆபரணமும் நகைதான். குழந்தையின் கொலுசு, காப்பு, அரைஞாண் கொடி எல்லாம் இதில் வரும். பால் புகட்டிய சங்கும் சாப்பிட்ட கிண்ணமும் ஆபரணம் இல்லை, வீட்டில் புழங்கிய சாமான். ஆகவே ஒரே பையில் இருக்கும் சங்குக்கு வரி இல்லை, கொலுசுக்கு உண்டு. 15,000 ரூபாய்த் தள்ளுவண்டியை விட்டுவிட்டு, ஒரு வயதுப் பிள்ளையின் கொலுசைப் பிடிக்கிறது சட்டம். பெட்டி பெட்டியாக நகை பதுக்குபவருக்காகப் போட்ட விதி, தொட்டில் பிள்ளைவரை வந்து நிற்கிறது.

பயப்படும் அளவுக்குத் தொகை இருக்காது. லாபத்துக்குத்தான் வரி, விற்ற பணம் முழுவதற்கும் இல்லை. காதுகுத்துக்குத் தாய்மாமன் 9,000 ரூபாய்க்கு வாங்கிப் போட்ட தங்கத் தோட்டை இன்று 20,000-க்கு விற்கிறீர்கள் என்று வையுங்கள். உங்களுக்குச் சும்மா வந்ததுதான் என்றாலும், கணக்கில் விலை சைபர் ஆகாது. மாமன் கொடுத்த 9,000-தான் வாங்கிய விலை. லாபம் 11,000. வாங்கி 24 மாதங்களுக்கு மேல் ஆகியிருந்தால் 12.5 சதவீதம், அதாவது 1,375 ரூபாய், அதன்மேல் 4 சதவீத செஸ் சேர்த்து 1,430. நகை பிள்ளையுடையது, எனக்கென்ன என்று சொல்ல முடியாது. மைனர் பிள்ளையின் இந்த வருமானம் அப்பா அம்மாவில் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். பழையதைப் போட்டுப் புதியது எடுத்தால் வரி இல்லை என்று கடையில் சொல்வார்கள். அதுவும் விற்பனைதான்.

கடைக்குப் போகும் முன் வீட்டுச் சமையல் தராசில் எடை பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். கடையில் முதலில் கொலுசின் திருகையும் எனாமல் மணிகளையும் வெட்டி ஓரமாகத் தள்ளுவார்கள். பிறகு டச், அதாவது வெள்ளியின் சுத்தம், குறைவு என்பார்கள். குழந்தைக் கொலுசில் சில சமயம் அது உண்மைதான், அதனால் இன்னொரு கடையிலும் கேளுங்கள். உருக்கிப் பார்க்கட்டுமா என்றால், விலை முடிவாகும்வரை வேண்டாம் என்று கையில் வாங்கிக்கொள்ளுங்கள். உருக்கிய பிறகு உங்கள் பேரத்துக்கு மதிப்பில்லை.

தாய்மாமனுக்கும் தாத்தாவுக்கும் இப்போதே போன் போட்டுப் பழைய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். மங்கிப்போயிருந்தாலும் பரவாயில்லை, எழுத்து தெரியும்போதே ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.