மும்பை கம்பெனி, ஓசூர் நிலம்: விற்க யாருக்கு அதிகாரம்?

கேள்வி: மும்பையில் பதிவு அலுவலகம் உள்ள ஒரு கம்பெனி கலைப்பில் இருக்கிறது. ஓசூர் பக்கம் அதற்குள்ள மூன்று ஏக்கரை லிக்விடேட்டர் (மூடும் கம்பெனியின் சொத்தை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பங்கிடுபவர்) ஏலத்துக்கு விட்டிருக்கிறார். நான் ஏலம் கேட்கலாம் என்றிருக்கிறேன். 'நிலம் இங்கே இருக்கு, இந்த ஊர் கோர்ட் உத்தரவு இல்லாமல் மும்பைக்காரர் எப்படி விற்பார்?' என்று பத்திர எழுத்தர் பயமுறுத்துகிறார். வாங்கலாமா?
- ஒரு வாசகர், ஓசூர்

பதில்: பத்திர எழுத்தர் சும்மா சொல்லவில்லை. நில வழக்கை நிலம் இருக்கும் ஊர் கோர்ட்டில் போட வேண்டும் என்பதுதான் சிவில் நடைமுறைச் சட்டத்தின் 16-வது பிரிவு. ஆனால் இது வழக்கு இல்லை, கம்பெனிக் கலைப்பு. எந்த ஊர்த் தீர்ப்பாயம் விசாரிக்கும் என்பதற்கு, 2016-ம் ஆண்டு திவால் சட்டத்தின் 60-வது பிரிவு, பதிவு அலுவலகம் எங்கே என்றுதான் பார்க்கிறது. மும்பையிலுள்ள கம்பெனிச் சட்டத் தீர்ப்பாயம் (NCLT) நியமித்த லிக்விடேட்டர், கம்பெனி நிலம் எந்த மாநிலத்தில் இருந்தாலும் ஏலம் விடலாம். 35-வது பிரிவு அந்த அதிகாரத்தைத் தருகிறது. உங்கள் மாவட்டக் கோர்ட் உத்தரவுக்காகக் கிருஷ்ணகிரிக்கு அலைய வேண்டாம். பத்திரம் மட்டும் நிலம் இருக்கும் பக்கத்துச் சார்பதிவாளரிடம்தான் பதிவாகும்.

நான் பயப்படுவது வேறு விஷயத்துக்கு. இந்த ஏலங்களில் 'உள்ளது உள்ளபடி' என்றுதான் விற்பார்கள். என் கட்சிக்காரர் ஒருவர் இப்படித்தான் ஒரு பழைய ஷெட்டை எடுத்தார். வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தது. லாரி போன டயர் தடம் கேட் வரை தெரிந்தது, வழி இருக்கிறது என்று நம்பிவிட்டார். அந்தத் தடம் முழுக்கப் பக்கத்து நிலத்துக்காரர் பட்டாவில்! பத்திரம் முடிந்த மறுவாரம் அவர் கல் நட்டுவிட்டார். வில்லங்கச் சான்றில் இதெல்லாம் வராது. புலப்பட (நிலத்தின் எல்லை, அளவு காட்டும் சர்வே வரைபடம்) நகலோடு சர்வேயரைக் கூட்டிப்போய் வழியை அளந்து பாருங்கள்.

அப்புறம், நிலம் வங்கி அடமானத்தில் இருந்தால், வங்கி தன் அடமான உரிமையை விட்டுக்கொடுத்து கலைப்புக்குள் வந்துவிட்டதா என்று லிக்விடேட்டரிடம் எழுத்தில் கேளுங்கள். 52-வது பிரிவுப்படி வங்கி வெளியே நின்று தானே விற்கவும் உரிமை உண்டு.

பணத்தையும் தயாராக வையுங்கள். ஏலம் உங்களுக்கு முடிந்தால், மீதித் தொகையைக் கட்டச் சொல்லி லிக்விடேட்டர் கேட்ட நாளிலிருந்து 90 நாள்தான் பொதுவான கெடு. 30 நாளைத் தாண்டினால் 12 சதவீத வட்டி. ஏல நிபந்தனையில் என்ன போட்டிருக்கிறது என்று வரி வரியாகப் படித்துவிட்டு முன்பணம் கட்டுங்கள். வங்கிக் கடனை நம்பி இறங்குவதானால், கடன் அனுமதிக் கடிதம் கைக்கு வந்த பிறகு ஏலம் கேளுங்கள்.