யன்னலைத் தேடும் கதிர்

அன்பின் ஐயா,

அம்மம்மாவின் நாற்சார் வீட்டைப் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் வரைந்து பழகுகிறேன். வெளித்தோற்றம் நன்றாக வருகிறது. அறைக்குள் போனதும் படமெங்கும் புள்ளிகள். மூலைகள் இருண்டு, வெள்ளைச் சுவர் சாம்பலாகிறது. சாம்பிள் (படத்தின் ஒவ்வொரு சிறு கட்டத்துக்கும் மென்பொருள் அனுப்பும் கதிர்கள்) எண்ணிக்கையை 500இலிருந்து 1000 ஆக்கியும் நேரம் இரட்டித்ததே தவிரப் பெரிய மாற்றமில்லை. மடிக்கணினியை மாற்றத்தான் வேண்டுமா?

வாசகர் ஒருவர், கொக்குவில்

அன்புள்ள நண்பருக்கு,

கணினியை இப்போது மாற்ற வேண்டாம். புள்ளிகள் பாதியாகக் குறைய வேண்டுமானால் சாம்பிள் நான்கு மடங்காக வேண்டும் என்பதே பிளெண்டருக்குள் ஒளியைக் கணிக்கும் சைக்கிள்ஸின் கணக்கு. ஆகவே இரட்டிப்பில் நீங்கள் பெற்றது ஏறக்குறைய 30 வீதக் குறைவுதான். வெளிச்சுவரில் பட்டுத் தெறிக்கும் கதிர் பெரும்பாலும் வானத்தைக் கண்டுவிடுகிறது. அறைக்குள்ளோ அது சிறிய யன்னலொன்றைத் தேடிப்பிடிக்க வேண்டும். பிடித்த கதிர் வெளிச்சத்தோடும் பிடிக்காத கதிர் வெறுங்கையோடும் திரும்புவதால் உண்டாகும் வேறுபாட்டையே நீங்கள் புள்ளிகளாகக் காண்கிறீர்கள். யன்னல் அளவிலேயே ஓர் ஏரியா லைட்டை (தட்டையான ஒளிமுதலை) அங்கு வைத்துப் 'போர்ட்டல்', அதாவது வெளிச்சம் வரும் வாசல், ஆக்கினால், எங்கே தேடுவதென்று கதிருக்குத் தெரிந்துவிடும். கண்ணாடி போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். ஒளிமுதலுக்கு அது தடையாகவே நிற்கும். இதை அறியாமல் நான் இரவிரவாக ரெண்டர் (படத்தைக் கணித்து உருவாக்கும் வேலை) ஓடவிட்டு, விடியற்காலை மின்வெட்டில் அதையும் இழந்திருக்கிறேன்.

மூலை இருட்டுக்குக் காரணம் வேறு. சுவர் போன்ற பளபளப்பில்லாத பரப்புகளுக்குச் சைக்கிள்ஸ் இயல்பாக 4 பவுன்ஸ் (தெறிப்பு) மட்டுமே கொடுக்கிறது. வெள்ளையின் பிரதிபலிப்பை 0.8 என வைத்தால் (1 என்று வைக்காதீர்கள், அப்படியொரு பெயின்ற் எந்தக் கடையிலும் இல்லை) நான்கு முறை தெறித்த பிறகும் வெளிச்சத்தில் 40 வீதம் மிஞ்சியிருக்கும். அதை மென்பொருள் அங்கேயே வெட்டிவிடுகிறது. பவுன்ஸ் எண்ணிக்கையை 8 அல்லது 10 ஆக்குங்கள். சுவர் சாம்பலாவது பெரும்பாலும் எக்ஸ்போஷர் (கமெராவின் வெளிச்ச அளவு) குறைவினால். வெயிலிலிருந்து விறாந்தைக்குள் நுழைந்தால் நமது கண் தானாகப் பழகிவிடும். கமெராவுக்கு நாம்தான் சொல்ல வேண்டும்.

சூரியனையும் சரிபாருங்கள். யாழ்ப்பாணம் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலக்கோட்டில் இருப்பதால், ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் இறுதியிலும் நண்பகல் வெயில் முற்றத்தில் நேர்குத்தாக விழும். அப்போது தாழ்வாரத்துக்குப் பெரும்பகுதி வெளிச்சம் தரையிலிருந்து எழும்பியே வரும். தரை சிவப்புச் சீமெந்து என்றால் சுவரின் கீழ்ப்பகுதியில் இலேசான சிவப்புப் படியும். அதைப் பிழையென்று அழித்துவிடாதீர்கள்.

புள்ளிகளைத் துடைக்கும் டிநொய்சரைக் கடைசியில் தொடுங்கள். பனஞ்சலாகையின் நார்க்கோடுகளை அது மெழுகிவிடும். முதலில் எல்லாவற்றுக்கும் ஒரே சாம்பல் மெற்றீரியல் கொடுத்து, ஒரு யன்னலோடு ஓர் அறையை மட்டும் ரெண்டர் செய்து அனுப்புங்கள். அம்மம்மாவின் சாய்மனைக் கதிரையைப் பிறகு வைக்கலாம்.