சளி பிடித்தால் குழந்தைக்குக் காது வலிப்பது ஏன்? எத்தனை நாள் இருக்கும்?

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சிறிய அறை இருக்கிறது, அதுதான் நடுக்காது. அங்கே நீர் தேங்கி, கிருமி பெருகிச் சீழ் பிடிப்பதே நடுக்காதுத் தொற்று.

அந்த அறையிலிருந்து மூக்கின் பின்புறத்துக்கு ஒரு மெல்லிய குழாய் போகிறது. காற்றை உள்ளே விடுவதும் நீரை வடிப்பதும் அதன் வேலை. சளி பிடித்தால் அதன் உட்சுவர் வீங்கி அடைத்துக்கொள்ளும். பெரியவர்களுக்கு இந்தக் குழாய் சரிவாக இறங்கும். குழந்தைகளுக்கோ குட்டையாக, ஏறக்குறையப் படுக்கைவாட்டில் இருக்கும். வாட்டம் வைக்காத மொட்டைமாடியில் மழைநீர் நிற்பது போலத்தான். 6 மாதம் முதல் 2 வயது வரை நடுக்காதுத் தொற்று அதிகம் வருவதற்கு இது முக்கியக் காரணம். படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுப்பதும், வீட்டில் சிகரெட் புகையும் நிலைமையை மோசமாக்கும்.

வலியும் காய்ச்சலும் பெரும்பாலும் 3 நாளில் தணியும். சிலருக்கு ஒரு வாரம். ஆனால் தேங்கிய நீர் வற்றச் சில வாரங்கள், சமயங்களில் 3 மாதம்கூட ஆகும். அதுவரை காது சற்று மந்தமாகக் கேட்கும். கூப்பிட்டும் திரும்பவில்லை என்று பிள்ளையைத் திட்டாதீர்கள், பாவம்.

வலிக்கு, எடைக்கேற்ற அளவு பாராசிட்டமால் போதும். ஆன்டிபயாடிக் எல்லாருக்கும் தேவைப்படாது. 6 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, சீழ் வடிதல், காதின் பின்னால் வீக்கம், 2 நாளாகியும் குறையாத காய்ச்சல் என்றால் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

குளிக்கும்போது தண்ணீர் போனதால் வந்தது என்று பலர் நினைத்துக் காய்ச்சிய எண்ணெய் விடுகிறார்கள்: ஓட்டையில்லாத செவிப்பறையைத் தாண்டித் தண்ணீரும் போகாது, எண்ணெயும் போகாது, ஓட்டை விழுந்திருந்தால் அந்த எண்ணெயே உள்ளே போய்க் கெடுதல் செய்யும்.