பின்வாசலை மறந்த நாவல்

கேள்வி: எனக்குப் பழக்கமான துப்பறியும் எழுத்தாளரின் புது நாவலை ஒரே ராத்திரியில் முடித்தேன். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டில் கொலை. பாதியிலேயே கொலையாளி யாரென்று தெரிந்துவிட்டது. மொத்தத்தில் சுமார். இனி இவரைப் படிக்கலாமா, விட்டுவிடலாமா?
— ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: 'சுமார்' என்று எழுதிவிட்டீர்களே ஆச்சி! பாரசீகத்தில் அந்தச் சொல்லுக்குக் கணக்கு, எண்ணிக்கை என்று பொருள். தமிழுக்கு வந்து 'ஏறக்குறைய' ஆனது. பிறகு 'அவ்வளவு நன்றாக இல்லை' ஆனது. மகளுக்குக் கொடுத்த சாமானைக் கரண்டி வரைக்கும் எண்ணி எழுதிவைக்கிற சீமை உங்களுடையது. அங்கிருந்து சுமார் என்று ஒரு கணக்கு வரலாமா? எங்கே குறைந்தது என்று சொல்ல வேண்டாமா?

நானும் படித்தேன், சொல்கிறேன். கொலையாளி பாதியில் தெரிந்தது குறையே இல்லை. ஒருவரை இத்தனை வருஷம் படித்தால் அவர் எந்த மூலையில் யாரை ஒளித்துவைப்பார் என்பது அத்துப்படியாகிவிடும். குறை பின்வாசலில் இருக்கிறது. இன்ஸ்பெக்டர் முகப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, 'இந்த வாசலைத் தாண்டி யாரும் போகவில்லை, ஆகவே கொலையாளி உள்ளேதான்' என்கிறார். முழுக் கதையும் அதன் மேல்தான் நிற்கிறது. அங்கே பெரிய வீடுகளுக்கு முகப்பு ஒரு தெருவில்; வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று நடந்துகொண்டே போனால் பின்வாசல் அடுத்த தெருவில். முன்னால் காவல் போட்டால் பின்னால் கல்யாண கோஷ்டியே மேளத்தோடு போய்விடும். கானாடுகாத்தான் பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தெரிந்தது நாவலில் ஒருவருக்கும் தெரியவில்லை. ஆத்தங்குடிக் கல்லையும் பர்மா தேக்கையும் பக்கம் பக்கமாக வர்ணித்தவர், அந்த வீட்டை முன்னிருந்து பின்வரை ஒருமுறை நடந்து பார்த்திருக்கலாம்.

கொலைக்குக் காரணம் புதையலாம். அந்த வீட்டில் புதையல் எதற்கு? சில வீடுகளில் 20, 30 புள்ளிக்கு (கல்யாணமான ஒரு குடும்பம் ஒரு புள்ளி) பங்கு. ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில். விற்க வேண்டுமானால் அத்தனை பேரும் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் மாட்டேன் என்றால் நின்றது நின்றதுதான். அதற்குள் ஓடு சரிந்து கூரை ஒழுகும். தூணும் நிலையும் கழன்று காரைக்குடிப் பழம்பொருள் கடையில் வந்து நிற்கும். கையெழுத்துப் போடாத ஒரு பங்காளி, சாவி வைத்திருக்கும் ஒரு பங்காளி. இவர்களை விட்டுவிட்டுப் புதையலைத் தோண்டலாமா? இந்தக் கதையை எழுதக் கூடியவர் இவர். அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆற்றாமை. அடுத்ததையும் வாங்குவேன், நீங்களும் விட்டுவிடாதீர்கள்.

இந்தப் பிரதியைப் பழைய பேப்பரில் போடவும் வேண்டாம். உங்கள் பக்கத்துக் கோட்டையூர் ரோஜா முத்தையா புத்தகத்தோடு நிற்காமல் நோட்டீஸ், அழைப்பிதழ் என்று அச்சானதையெல்லாம் சேர்த்துவைத்தார். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது. 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகம் ஆனது. பெரிய இலக்கியம், சுமார் நாவல் என்று அவர் பிரித்துக்கொண்டிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

பதிப்பு ஆண்டு போடாமல் புத்தகம் அச்சிடுகிறவர்களோடு எனக்குப் பழைய வழக்கு ஒன்று உண்டு. இதிலும் போடவில்லை. நீங்கள் வாங்கிய தேதியையாவது முதல் பக்கத்தில் பேனாவால் எழுதிவையுங்கள்.