வெயிலில் வெளிறும் வள்ளமும் காரும்: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

கேள்வி: எங்கள் ஃபைபர் வள்ளத்தின் நீல நிறம் வெளிறிவிட்டது, கையை வைத்தால் வெள்ளைப் பொடி ஒட்டுகிறது. கடையில் விலை உயர்ந்த மரைன் வாக்ஸ் ஒன்றை வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா? – குளச்சல் வாசகர்

பதில்: பணம் கொடுப்பதற்கு முன் சிறிய சோதனை ஒன்றைச் செய்து பாருங்கள். வள்ளத்தின் வெளிப்புறத்துக்கு நிறமும் மினுமினுப்பும் தருவது ஜெல்கோட் என்னும் பூச்சு. அதன் கனம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர்கள் அதிலுள்ள ரெசின் என்னும் பிசினைச் சிதைக்கும்போது, அதுவரை ரெசினில் பதிந்திருந்த நிறமித் துகள்கள் பிடிப்பிழந்து உதிர்கின்றன. உங்கள் கையில் ஒட்டும் பொடி அதுவே. முதலில் உப்பு போகும்படி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பிறகு ஓரிடத்தை ஈரத் துணியால் துடையுங்கள். ஈரம் இருக்கும்வரை பழைய நீலம் தெரிந்தால், சிதைவு மேற்பரப்போடு நிற்கிறது என்று கொள்ளலாம். அந்நிலையில் ரப்பிங் காம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையால் தளர்ந்த படலத்தைத் தேய்த்தெடுத்து, அதன்மேல் வாக்ஸ் பூசினால் நிறம் பெருமளவு திரும்பும். பொடியை அகற்றாமல் பூசிய வாக்ஸ் பொடியோடு சேர்ந்தே போய்விடும். தேய்ப்பதும் அளவோடு இருக்கட்டும், ஏனெனில் ஒவ்வொரு முறையும் அந்த அரை மில்லிமீட்டரில்தான் குறைகிறது.

நல்ல வாக்ஸ்கூட நம் கடற்கரை வெயிலில் சில மாதங்களுக்கு மேல் தாங்காது. கரைமணலில் இழுத்தேற்றும் அடிப்பகுதிக்கு அதைப் பூசுவது வீண். வெயில் படும் மேற்பக்கத்துக்கும் உட்புறத்துக்கும் மட்டும் பூசுங்கள். அதைவிடக் குறைந்த செலவில் அதிகப் பயன் தருவது நிழல். முடைந்த தென்னோலையோ தார்ப்பாயோ போதும், ஆனால் அது வள்ளத்தின்மேல் படியாமல் காற்றோட்டத்துக்கு இடைவெளி விட்டுக் கட்டப்பட வேண்டும். தார்ப்பாய் வாங்கும்போது எத்தனை ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பாயின் எடை, கிராமில்) என்பதையும், புற ஊதாக் கதிரைத் தாங்கும்படி தயாரிக்கப்பட்டதா என்பதையும் கேளுங்கள். இரண்டும் அச்சிடப்படாத மலிவான பாய் வெயிலில் தானே இற்றுக் கிழியும்.

ஜெல்கோட் தேய்ந்து நார் தெரியத் தொடங்கியிருந்தால் எந்த வாக்ஸும் உதவாது. மறுபூச்சு ஒன்றே வழி. அப்போது எபாக்ஸி பெயின்ட்தான் உறுதியானது என்று கடைக்காரர் சொல்லக்கூடும். ஒட்டும் வலிமையிலும் நீரைத் தடுப்பதிலும் அது உண்மைதான். ஆனால் வெயிலில் எபாக்ஸி விரைவில் பொடிந்துபோகும் என்பதால், நீர்மட்டத்துக்கு மேலே அதன்மீது பாலியூரித்தேன் பூச்சு கட்டாயம் வேண்டும். ஜெல்கோட்டையே பூசுவதானால், கடைசிப் பூச்சில் வாக்ஸ் கரைசல் சேர்க்கப்படுகிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். சேர்க்காவிட்டால் காற்றுப்படும் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்றுவிடும். டப்பாவில் உற்பத்தித் தேதியைப் பார்த்து வாங்குங்கள். ஜெல்கோட்டின் ஆயுள் சில மாதங்களே, தகரக் கூரைக்குக் கீழ் வைத்திருந்தால் அதுவும் குறையும்.

கேள்வி: மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்குப் பெயின்ட் அடிக்கச் சொன்னால், மழை விடட்டும் என்கிறார் பெயின்டர். காலம் கடத்துகிறாரா? – தேங்காய்ப்பட்டணம் வாசகர்

பதில்: அவர் சொல்வது சரி. கிழக்குக் கரைக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதால், சின்னமுட்டத்துப் படகுகளுக்குக் காய்ந்த நாட்கள் ஓரளவு கிடைக்கின்றன. உங்கள் மேற்குக் கரைப் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அது தென்மேற்குப் பருவமழையின் உச்சம். ஈரமான பரப்பில் பூசிய பூச்சு கொப்புளித்து உரியும். கூரைக்குள் ஏற்ற முடியாவிட்டால், தொடர்ந்து காய்ந்த நாட்கள் வரும்வரை பொறுப்பதே லாபம்.

கேள்வி: புதிய காருக்குச் செராமிக் கோட்டிங் போட்டால் பத்தாண்டுக்கு நிறம் மங்காது, கீறலும் விழாது என்கிறார்கள். ‘9எச்’ கடினம் என்றும் விளம்பரம் செய்கிறார்கள். நம்பலாமா? – நாகர்கோவில் வாசகர்

பதில்: ‘9எச்’ என்பது பென்சில் கடினத்தை வைத்து அளக்கும் அளவுகோலில் உள்ள ஒரு குறி, வைரத்துக்கோ கண்ணாடிக்கோ ஈடு என்று அதற்குப் பொருளில்லை. செராமிக் பூச்சின் உண்மையான பயன் வேறு: தண்ணீர் உருண்டோடும், அழுக்கும் பறவை எச்சமும் எளிதில் கழுவப்படும். நிறத்தை வெயிலிலிருந்து காக்கும் பொருள், காரின் பெயின்ட்டுக்கு மேல் தொழிற்சாலையிலேயே பூசப்படும் கிளியர் கோட்டில் இருக்கிறது. அது சுமார் 40 மைக்ரான் கனம் கொண்டது. கோட்டிங்குக்கு முன் செய்யும் பாலிஷ் அதிலிருந்து சிறிது எடுக்கும். புதிய காருக்கு அது பெரும்பாலும் தேவையே இல்லை. என் கணிப்பில், நிழலில் நிறுத்தும் வசதி உள்ளவருக்கு இந்தச் செலவு அவசியமற்றது.

ஆரல்வாய்மொழிப் பக்கம் காரை நிறுத்துபவர்கள் துணிக் கவரையும் யோசித்தே போட வேண்டும். ஜூன் முதல் அடிக்கும் கணவாய்க் காற்றில் கவர் படபடத்து, இடையில் சிக்கிய மணலோடு உராய்ந்து, வெயிலைவிட அதிகச் சேதம் செய்யும். இறுக்கமாகப் பொருந்துவதும் காற்றோட்டம் உள்ளதுமான கவரே வேண்டும்.

கேள்வி: மஞ்சளித்த ஹெட்லைட்டைப் பற்பசையால் தேய்த்தேன், மீண்டும் மஞ்சளாகிவிட்டது. – மார்த்தாண்டம் வாசகர்

பதில்: ஹெட்லைட்டின் பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கை வெயிலிலிருந்து காக்கும் மேற்பூச்சு தேய்ந்ததால்தான் மஞ்சளித்தது. தேய்த்தால் எஞ்சிய பூச்சும் போய்விடும். மெருகூட்டியபின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கிளியர் பூச்சு அடங்கிய கிட்டை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: உத்தரவாதம் தந்த கோட்டிங் சில மாதங்களிலேயே உரிந்தது, கடை கைவிரிக்கிறது. என் வள்ளம் தொழிலுக்கானது என்பதால் நுகர்வோர் சட்டம் பொருந்தாது என்றும் சொல்கிறார்கள். – முட்டம் வாசகர்

பதில்: அது முழு உண்மையல்ல. வணிக நோக்கில் வாங்குபவரை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் விலக்கினாலும், சுயதொழிலால் தம் வாழ்வாதாரத்தை ஈட்டுவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்துவதை அது வணிக நோக்கமாகக் கொள்வதில்லை. சொந்த வள்ளத்தில் தாமே கடலுக்குப் போகும் மீனவர் இதன்கீழ் வர முடியும். பல வள்ளங்களைக் கூலியாட்களை வைத்து ஓட்டுபவருக்கு வாதம் கடினமாகும். பில், உத்தரவாத அட்டை, விளம்பரத்தின் படம், உரிந்த இடத்தின் தேதியிட்ட படங்கள் ஆகியவற்றைச் சேர்த்துவைத்து, முதலில் கடைக்கு எழுத்துமூலம் முறையிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தீராவிட்டால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் நாகர்கோவிலிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாவிட்டால் மனுக் கட்டணம் இல்லை. தீர்ப்பு வரும்வரை அந்தப் பகுதியை மறுபடி பூசிவிடாதீர்கள்; பூசியே ஆக வேண்டுமானால், முன்னதாக வேறொரு பெயின்டரிடம் எழுத்தில் அறிக்கை வாங்கிவைத்துக்கொள்ளுங்கள்.