குளிர்வித்ததும் குவியம் 0.6 மிமீ விலகுவது ஏன்

குளிர்வித்து இயக்கும் உங்கள் கருவியில் குவியம் தவறுகிறது என்பதற்காகக் கண்டறிவியை (ஒளியைப் பதிவுசெய்யும் உணரியை) கழற்ற வேண்டாம். ஒளியியல் பகுதியையும் கண்டறிவித் தாங்கியையும் செய்த இரு குழுக்களின் வரைபடங்களில் உள்ள அளவுகள் எந்த வெப்பநிலைக்கானவை என்று முதலில் பாருங்கள். தனித்தனியே அளந்தபோது ஒளியியல் பகுதியும் கண்டறிவித் தாங்கியும் சரியாக இருந்து, சேர்த்து 77 கெல்வினுக்கு, அதாவது சுமார் −196 டிகிரி செல்சியஸுக்கு, குளிர்வித்தால் மட்டும் குவியம் 0.6 மிமீ தவறுகிறது என்கிறீர்கள். ஒரு குழு குளிர்நிலை அளவையும் மற்றது அறை வெப்பநிலை அளவையும் எழுதியிருக்கவே வாய்ப்பு அதிகம்.

அலுமினியம் அறை வெப்பநிலையிலிருந்து 77 கெல்வினுக்கு வரும்போது சுமார் 0.4% சுருங்கும். உங்கள் தாங்கி 150 மிமீ நீளம், அப்படியென்றால் 0.6 மிமீ. எண் இவ்வளவு பொருந்துவது தற்செயலாக எனக்குத் தோன்றவில்லை. எஃப்/4 கற்றையில் (குவியத்திலிருந்து விலகும் தூரத்தில் நான்கில் ஒரு பங்கு அகலத்துக்கு விரியும் ஒளிக்கற்றையில்) இதுவே புள்ளியை 150 மைக்ரான் அகலத்துக்குப் பரப்பிவிடும்.

உறுதிசெய்ய, குளிர்நிலையிலேயே செயற்கை நட்சத்திரத்தை (சோதனைக்கான சிறு ஒளிப்புள்ளியை) முன்னும் பின்னும் நகர்த்திச் சிறந்த குவியம் எங்கே என்று கண்டுபிடியுங்கள். சுருக்கம்தான் காரணம் என்றால், கண்டறிவி, தாங்கி பொருத்தப்பட்ட விளிம்பை நோக்கி நகர்ந்திருக்க வேண்டும். எதிர்த்திசை என்றால் என் ஊகம் தவறு.

ஆனால் உடனே இடைத்தகடு (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய தகடு) வெட்டிவிடாதீர்கள். லென்ஸ்களின் ஒளிவிலகல் எண்ணும் குளிரில் மாறும். கண்ணாடி உலோகத்தைவிட மெதுவாகக் குளிரும். வெப்பநிலை நிலைத்த பிறகு அளந்த எண்ணை மட்டும் நம்புங்கள். அப்புறம், இரு குழுவும் கையெழுத்திடும் இடைமுக ஆவணத்தில் (இரு பகுதிகளும் சேரும் இடத்தின் அளவுகளைக் குறிக்கும் ஆவணத்தில்) ஒவ்வொரு நீளத்துக்கும் பக்கத்தில் வெப்பநிலையை எழுதச் சொல்லுங்கள்.