எக்ஸ்ரே நார்மல், ஆனால் கால் வலி போகவில்லை

கேள்வி: என் மகனுக்கு 13 வயது. ஓடினால் கணுக்கால் அடிக்கடி பிசகிக்கொள்கிறது, பாதமும் தட்டை. எக்ஸ்ரே நார்மல் என்றார்கள். இப்போது வேறொரு டாக்டர், பாதத்தின் பின்பகுதியில் எலும்புகள் ஒட்டியிருக்கலாம், சி.டி. ஸ்கேன் எடுங்கள் என்கிறார். எக்ஸ்ரேயில் தெரியாத ஒட்டல் ஸ்கேனில் மட்டும் எப்படித் தெரியும்?

பதில்: தெரியும். முதலில், எக்ஸ்ரேயை எந்தக் கோணங்களில் எடுத்தார்கள் என்று பாருங்கள். நேராகவும் பக்கவாட்டிலும் மட்டும் எடுத்திருந்தால் அந்த ‘நார்மலை’ அப்படியே நம்ப வேண்டாம். டார்சல் கொயலிஷன் என்கிற இந்தக் கோளாறு பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் வரும். ஒன்று, குதிகால் எலும்புக்கும் அதற்கு முன்னால் இருக்கும் படகு வடிவ எலும்புக்கும் நடுவில். இது 45 டிகிரி சாய்த்து எடுத்த படத்தில்தான் நன்றாகத் தெரியும். பக்கவாட்டுப் படத்தில் குதிகால் எலும்பின் முன்முனை எறும்புத்தின்னியின் மூக்கு மாதிரி நீண்டிருந்தால் அதுவும் ஒரு தடயம்.

இன்னொன்று, குதிகால் எலும்புக்கும் அதன் மேல் உட்கார்ந்திருக்கும் டேலஸ் எலும்புக்கும் நடுவில். ஏமாற்றுவது இதுதான். அந்த மூட்டு சாய்வாக இருப்பதால் சாதாரணப் படங்களில் எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து மறைத்துவிடும். பக்கவாட்டில் ஆங்கில ‘சி’ போல ஒரு கோடு தெரிந்தால் சந்தேகப்படலாம், ஆனால் வெறும் தட்டைப்பாதத்திலும் அந்தக் கோடு வருவதுண்டு. டேலஸின் முன்பக்கம் அலகு போல ஒரு துருத்தல் இருந்தால், ஒட்டல் அங்கே இல்லை. பின்னால் மூட்டு அசையாததால் முன்னால் ஏற்பட்ட விளைவு அது. அதனால்தான் சி.டி. கேட்கிறார், சரியான யோசனை.

எல்லா ஒட்டலும் எலும்புப் பாலமாகவே இருக்காது. குருத்தெலும்பாகவோ நார்த்திசுவாகவோ இருந்தால், இடைவெளி குறுகி, ஓரங்கள் கரடுமுரடாக இருப்பது மட்டுமே சி.டி.யில் தெரியும், அப்போது எம்.ஆர்.ஐ. உதவும், பக்கத்து எலும்பில் உள்ள நீர்க்கோவையையும் அது காட்டிவிடும். பிறவியிலேயே இருந்தும் இத்தனை வயதுக்கு மேல் வலிப்பது ஏன் என்றால், வளர வளர அந்த இணைப்பு இறுகிப் பாதத்தின் அசைவைக் குறைத்துவிடுகிறது.

அப்புறம், பையனை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். உள்வளைவு எழும்பாமல், குதிகாலும் உள்பக்கம் திரும்பாமல் இருந்தால் டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு கால்களிலும் இது இருப்பது சகஜம், அதனால் மற்ற காலையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்கேனில் ஒட்டல் தெரிந்தவுடனே ஆபரேஷன் என்று பயந்துவிடாதீர்கள். ஓய்வு, செருப்புக்குள் வைக்கும் தாங்கி, சில வாரம் மாவுக்கட்டு என்றுதான் முதலில் பார்ப்பார்கள், அதற்கும் வலி அடங்காவிட்டால்தான் அறுவை சிகிச்சை பற்றிய பேச்சு.